இறுக்கினால் பிடிப்பு கூடுமா?

வண்டி ஓட்டுவதில் அக்கறை உள்ளவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வளைவில் சாய்கிறது, வேகம் எடுத்தால் அலைபாய்கிறது, வேகத்தடையில் தூக்கிப் போடுகிறது என்று ஒருவர் தன் காரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போனால், பெரும்பாலும் மூன்று பொருள்களில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள்: வண்டியைத் தாழ்த்தும் கடினமான ஸ்பிரிங், பெரிய அலாய் வீல், அல்லது ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர். மூன்றும் வண்டியை இறுக்குகிறவை. இறுக்கினால் சாலைப் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கையில்தான் மூன்றும் விற்கின்றன. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் ஓடும் வண்டிக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது என்பதே என் வாதம். இங்கே கட்டுப்பாடு என்பது சக்கரம் தரையை விடாமல் இருப்பது. அதைத் தருகிறவை நல்ல டயர், வேலை செய்கிற ஷாக் அப்சார்பர், கிழியாத ரப்பர் புஷ், ஒழுங்கான அலைன்மென்ட். ஸ்பிரிங்கில் கை வைப்பது கடைசி வேலை. பலருக்கு அது தேவையே படாது.

முதலில் சாலையைப் பார்ப்போம், ஏனென்றால் சஸ்பென்ஷன் பற்றிய எந்தப் பேச்சும் அங்கேதான் தொடங்க வேண்டும். லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வழியாகத் திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறுக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சில ஆண்டுகளாகத் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும் இருக்கிற தடம் அது. பாதாளச் சாக்கடை மூடி ஓரிடத்தில் தார்மட்டத்துக்கு மேலே நிற்கும், அடுத்த இடத்தில் கீழே இறங்கியிருக்கும். கேபிளுக்கோ வடிகாலுக்கோ வெட்டி மூடிய பட்டை சாலையின் குறுக்கே வரும். வேகத்தடைகளோ தனிக்கதை. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும்; 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான கணக்கு அது. அந்த வேகத்தில் அதைக் கடக்கச் சக்கரத்துக்கு அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். நம் உள்தெருக்களில் உள்ள தடைகள் பல அரை மீட்டர் நீளம்கூட இல்லை. அதே வேகத்தில் அப்படி ஒன்றைக் கடக்கும் நேரம் விநாடியில் பதினான்கில் ஒரு பங்கு. முதலாவதில் வண்டியின் உடல் ஏறி இறங்குகிறது. இரண்டாவது, சக்கரத்தின் மேல் விழும் சம்மட்டி அடி. நம் வண்டி நாள் முழுதும் வாங்குவது இந்த இரண்டாம் வகையைத்தான்.

இப்போது டயருக்கு வருவோம். ஒரு டயரின் பிடிப்பு அதன் மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. ஆனால் எடை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது. அதற்குக் குறைவாகவே கூடும். டயர் பொறியியலில் இது அடிப்படைப் பாடம், இதன் விளைவோ பெரியது. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ நிலையாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வண்டியில் அதே சக்கரத்தின் எடை 100க்கும் 500க்கும் இடையே துள்ளிக்கொண்டே இருக்கிறது. சராசரி இரண்டிலும் 300தான். பிடிப்பு மட்டும் இரண்டாவதில் குறைவு, ஏனென்றால் 500 வரும்போது கிடைக்கிற லாபம், 100 வரும்போது போன நஷ்டத்தை ஈடுகட்டுவதில்லை. துள்ளல் மிஞ்சிப் போய்ச் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால் அந்த நொடிக்கு ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அந்தச் சக்கரத்தில் இல்லை. ஆகவே கரடுமுரடான சாலையில் பிடிப்பைக் கூட்டுவது என்றால், சக்கரத்தின் மேல் உள்ள எடை ஏறி இறங்குவதைக் குறைப்பது என்றுதான் பொருள். மேட்டில் ஸ்பிரிங் இடம் கொடுக்க வேண்டும், பள்ளத்தில் சக்கரத்தை உடனே கீழே இறக்க வேண்டும், இரண்டுக்கும் பிறகு ஆட்டத்தை ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டும். கடினமான ஸ்பிரிங் முதல் வேலையிலேயே தடுமாறுகிறது.

ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் உடல், தள்ளிவிட்டால் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். குடும்பக் கார்களில் அது ஏறத்தாழ 1 முதல் 1.5 வரை. தாழ்த்தி இறுக்கிய கார்களில் 2 அல்லது அதற்கும் மேல். மனித உடலுக்குச் செங்குத்து அதிர்வில் மிகவும் தாங்க முடியாதது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வு. வண்டியின் ஆட்டம் அந்தப் பக்கமாக நகர நகர ஓட்டுநர் களைத்துப்போகிறார். முன், பின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே ஓர் உறவும் உண்டு. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், காரில் எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்து, முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக ஆட வேண்டும் என்று கண்டார். மேடு முன்சக்கரத்தைத் தொட்ட பிறகே பின்சக்கரத்தைத் தொடுகிறது. சின்ன காரில் 40 கி.மீ. வேகத்தில் அந்த இடைவெளி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. தாமதமாகத் தொடங்கும் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும், வண்டி மட்டமாகப் போகும். முன்பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டு, வண்டி படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "வளைவில் வண்டி சாய்கிறதே, அது ஆபத்து இல்லையா? அதைத் தடுக்கத்தானே இறுக்குகிறோம்?" நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன். 1000 கிலோ எடையுள்ள கார். எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 145 செ.மீ. புவியீர்ப்பில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும்படி, அதாவது நகரத்தில் யாரும் எடுக்காத வேகத்தில், ஒரு வளைவு எடுக்கிறது. உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 190 கிலோ. வண்டி 3 பாகை சாய்ந்தால் அந்தச் சாய்வால் மட்டும் கூடுதலாக மாறுவது 16 கிலோ அளவுதான். மீதியெல்லாம் எடைமையத்தின் உயரத்தாலும் சக்கர அகலத்தாலும் வருவது. எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. வண்டியை 30 மி.மீ. தாழ்த்தினால் அந்த 190 ஏறத்தாழ 180 ஆகும். அவ்வளவுதான் ஆதாயம். நம் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருக்கிற மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. வண்டியைத் தாழ்த்தும்போது, அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. தாழ்த்தியதில் கிடைத்த பலனில் ஒரு பகுதியை அது தின்றுவிடுகிறது. ஆக, சாய்வு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பிடிப்பைக் கெடுப்பதில்லை. சாய்வு எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு நிதானமாக வந்து நிற்கிறது என்பதுதான் ஓட்டுபவருக்கு முக்கியம். அது ஷாக் அப்சார்பரின் வேலை.

இறுக்கத்துக்கும் பிடிப்புக்கும் உள்ள உறவைச் சென்னைக்கு நேரில் காட்டிய ஒரு வண்டி உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருந்த காலத்தில், ஹெரால்டில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக அசையும். இரண்டு அரை ஆக்ஸில்களும் டிஃபரன்ஷியல் பக்கத்தில் மூட்டு வைத்து ஊசலாடும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் சுகமாகப் போன வண்டி, வளைவில் மட்டும் ஒரு குணம் காட்டும். வேகமாக வளைந்துகொண்டிருக்கும்போது ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கி, டயர் விளிம்பில் நின்று, பிடிப்பு சட்டென்று போய்விடும். பின்பக்கம்தானே தப்புகிறது, அதை இறுக்கிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்தக் குறுக்கு ஸ்பிரிங்கோ சாய்வை எதிர்ப்பதில் ஏற்கெனவே மிகக் கடினமானது. மடங்கலுக்குத் துணைபோனதே அந்தக் கடினம்தான். 1970இல் ஹெரால்டின் சட்டத்திலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காருக்கு டிரையம்ஃப் செய்த திருத்தம் நேர் எதிரானது. ஸ்பிரிங்கின் பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்து, மற்றவற்றைச் சாய்ந்தாட விட்டார்கள். சாய்வை எதிர்க்கும் கடினம் பின்பக்கம் வெகுவாகக் குறைந்தது. அதை ஈடுகட்ட முன்பக்கத்தில் சாய்வைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். வண்டி வளைவில் அடங்கியது. பின்பக்கத்தைத் தளர்த்திக் கட்டுப்பாட்டைச் சம்பாதித்தார்கள். பெருங்களத்தூரில் வேறு வழி எடுத்தார்கள்: 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஊசல் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு ஒற்றை ஆக்ஸில் வைத்தார்கள். பழகிய மெக்கானிக்குகளுக்கு எளிதான வழிதான். ஆனால் கனமான ஆக்ஸில் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் என்பதால், மேடுபள்ளச் சாலையில் ஹெரால்டிடம் இருந்த நல்ல குணமும் அதோடு போயிற்று. எனக்கு அது வருத்தம் தரும் முடிவு.

"பந்தயக் கார்கள் கல் மாதிரி இறுகியிருக்கின்றனவே?" என்பது அடுத்த ஆட்சேபம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது. இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பந்தயத்தடம் மட்டமானது. மட்டமான தளத்தில் சக்கரத்தின் மேல் எடை துள்ள வழியில்லை. அங்கே இறுக்கத்தின் நன்மை மட்டும் மிஞ்சும், தீமை மறைந்துபோகும். இறக்கை வைத்த வண்டிகளில் காற்றே வண்டியைத் தரையோடு அழுத்துகிறது. தரையிலிருந்து உள்ள உயரம் மாறாமல் இருந்தால்தான் அந்த அழுத்தம் நிற்கும், அதற்கும் இறுக்கம் வேண்டும். 2024 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, அந்தச் சாலைகளைச் சீரமைத்த பிறகுதான் வண்டிகளை விட்டார்கள். மாநகரச் சாலை பந்தய சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு ஒவ்வாதது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நம் சாலைக்கு உறவு ராலி கார்கள்தான். மண்ணிலும் கல்லிலும் ஓடும் அந்த வண்டிகளின் சஸ்பென்ஷனைப் பாருங்கள்: சக்கரம் ஏறி இறங்க நீண்ட இடம், ஒப்பீட்டில் மென்மையான ஸ்பிரிங், மிக உறுதியான ஷாக் அப்சார்பர். வேகமும் அவர்களுக்கு வேண்டும், பிடிப்பும் வேண்டும். கரடான தரையில் இரண்டையும் எப்படிப் பெறுவது என்பதற்கு அவர்கள் கண்ட விடை அது.

சக்கரம் ஏறி இறங்கும் இடம் என்றேன். கடைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நம் வீட்டுக் கார்களில் முதலில் தீர்ந்துபோவதோ அதுதான். ஒரு சின்ன காரின் பின்சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் இருவர், டிக்கியில் சாமான். பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் 75 கிலோ கூடுகிறது. ஒரு மி.மீ. அமுங்க சுமார் 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்றால் 37 மி.மீ. அமுங்கிவிடும். மீதி 43. அந்த வண்டியை 30 மி.மீ. தாழ்த்தியிருந்தால்? தாழ்த்தும் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கையில் இருப்பது 20 மி.மீ. சுற்றித்தான். கல்யாணத்துக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வெங்கடநாராயணா சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய நொடியில் ஸ்பிரிங்கின் கடினம் பல மடங்காகிறது. நேர்ச்சாலையில் அது வெறும் இடி. வளைவின் நடுவில், மழை பெய்து வழுக்கும் மேம்பாலத்தில் முட்டினால், பின்சக்கரம் ஒரே நொடியில் பிடிப்பை இழக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் பஃபர் செருகுவதும் இதே கணக்கில் வருகின்றன. சுருள் ஸ்பிரிங்கின் கடினம் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடும், ஏறி இறங்கும் இடமோ குறையும். வெட்டிய நுனி தட்டில் ஒழுங்காக உட்காராது, வெட்டிய சூட்டில் கம்பியின் பதமும் கெடும். அடி தட்டுகிறது என்று செருகும் பஃபர் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் தடுத்து உயரத்தைக் காட்டுகிறது. ரப்பர் கவ்வும் இடத்தில் கம்பிக்குத் தனிச்சுமை, ஈரமும் மணலும் தங்க ஓர் இடுக்கு. இரண்டிலும் பொதுவான தவறு, ஷாக் அப்சார்பரை மறந்துவிடுவது. ஸ்பிரிங்கின் கடினத்தை 40 சதவீதம் கூட்டி, பழைய ஷாக்கையே வைத்திருந்தால், ஆட்டத்தை அடக்கும் திறன் ஒப்பீட்டில் 15 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே தேய்ந்த ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம்.

அலாய் வீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 175/65 ஆர் 14 டயரின் பக்கச்சுவர் 114 மி.மீ.; 205/45 ஆர் 16க்கு மாறினால் 92 மி.மீ. சாலைக்கும் ரிம்முக்கும் இடையே இருந்த 22 மி.மீ. காற்றும் ரப்பரும் போய்விட்டன. அந்த 22 மி.மீ.தான் சாக்கடை மூடியின் விளிம்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. பெரிய வீலும் டயரும் எடையில் கூடினால், ஒவ்வொரு மேட்டிலும் ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டிய சுமையும் கூடுகிறது. நகர வண்டிக்கு இது நட்டமான பேரம்.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? ஐம்பது அறுபதாயிரம் கி.மீ. ஓடிய காரை நான் சொல்லும் வரிசையில் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மேல்பட்டை தேயாமலே ரப்பர் இறுகிப்போன டயர் மழையில் பிடிக்காது. காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கட்டும். முழுச் சுமைக்கு அங்கே தனி அளவு இருக்கும். டயர் வட்டத்தில் விட்டு விட்டுப் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் ஷாக் போய்விட்டது என்று பொருள். ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலும் அதேதான். மூலையை அழுத்திவிட்டு ஆட்டத்தை எண்ணும் பழைய சோதனையை நம்பாதீர்கள். முழுதும் செத்த ஷாக்கை அது காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்த்தால் லோயர் ஆர்ம் புஷ் தெரியும். ரப்பரில் வெடிப்பு ஓடியிருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுப்பதற்குக் காரணம் அங்கே. கடகடவென்ற சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் இருந்து வரும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்கள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றையும் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு அந்தத் தட்டில் தங்கி, கம்பியைத் துருவாக அரித்து, ஒருநாள் அங்கேயே ஒடிக்கும். இத்தனையையும் சரிசெய்து அலைன்மென்ட் பார்த்த பிறகு, இறுக்க வேண்டும் என்ற ஆசையே பலருக்கு வராது.

இதற்கு மேலும் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கார் நிறுவனங்கள் செலவைக் குறைக்கும் இடங்களில் ஷாக் அப்சார்பரும் ஒன்று. வாரம் தவறாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு வேகத்தில் அந்தக் குறை தெரியத்தான் செய்யும். அவருக்கு என் பரிந்துரை, அதே உயரத்துக்கும் அதே ஸ்பிரிங்குக்கும் செய்த, தரம் கூடிய ஷாக் நான்கு. ஆன்ட்டி ரோல் பார் அடுத்தது, ஆனால் கவனமாக. முன்சக்கர இழுவைக் காரின் பின்பக்கத்தில் தடிமனான பார் போட்டால் வண்டி வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும். நவம்பர் மழையில் வளைவின் நடுவே காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே சுழலவும் அதுவே காரணமாகும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது பார் மற்ற சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் என்பதும் நம் சாலைக்கு ஒவ்வாதது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே அளவுப் பாகம் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

கடைசியாக, எந்தப் பாகம் வாங்கினாலும் மாட்டும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ் என்பது இரும்புக் குழல்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக்கொண்டு திரும்பும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும்போதே அந்த போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து அது முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழியும். வண்டி தூக்கிய நிலையில் போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்குப் போட்டுவிட்டு, நான்கு சக்கரமும் எடை தாங்கி நிற்கும்போது கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். அலைன்மென்ட் அதற்குப் பிறகு. உங்கள் மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள். தெரிந்தவர் உடனே ஆமாம் என்பார்.